சாக்கில் இருந்தால் வரியில்லை, உறையில் இருந்தால் 5 சதவீதம்

மண்டபத்துக்குப் பக்கத்தில், வடகடலையும் தென்கடலையும் ஒரே நாளில் நடந்துபோய்ப் பார்த்துவிடக்கூடிய இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. அம்மா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கருவாட்டு வியாபாரம் செய்கிறார். கரையில் ஏலம் எடுக்கும் நெத்திலியும் சாவாளையும் சூடையும் உப்பில் ஊறி, வெயிலில் காய்ந்து, சாக்கில் கட்டப்பட்டு, லாரி ஏறிக் கேரளத்துக்கும் மதுரைக்கும் போகும். உடைந்ததும் கழிந்ததும் கோழித் தீவனத்துக்காக நாமக்கல் பக்கம் போகும். இத்தனை ஆண்டுகளில் அந்த வியாபாரத்துக்கு ஒரு பெயரோ பதிவெண்ணோ இருந்ததில்லை. அம்மாவின் பெயரைச் சொன்னால் லாரிக்காரர் சரியாக வந்து நிற்பார், அவ்வளவுதான் முகவரி.

2023 டிசம்பரில், வாடைக்காற்றும் மழையுமாக ஒரு வாரம் எதையும் காயப்போட முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதே நெத்திலியைத் தலை கிள்ளிச் சுத்தம் செய்து, காற்று நீக்கிய உறைகளில் 250 கிராம் வீதம் அடைத்து, பெயர் ஒட்டி, பெங்களூரில் நம் பக்கத்து ஆட்கள் நடத்தும் மளிகைக் கடைகளுக்கு அனுப்பினால் என்ன? மஸ்கட்டில் வேலை பார்க்கும் தம்பி முதலீட்டுப் பணம் தருவதாகச் சொன்னான். அம்மாவுக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது. "சாக்குல போற கருவாட்டப் பையில போட்டு அனுப்புறதுக்கு எதுக்குடி பதிவெல்லாம்?"

அந்தக் கேள்வியை அசட்டுக் கேள்வி என்று அப்போது ஒதுக்கினேன். பிறகு யோசித்தால், தொழில் பதிவு பற்றி நான் கேட்ட கேள்விகளிலேயே மிகச் சரியானது அதுதான். சட்டத்தின் கண் கருவாட்டின் மேல் இல்லை, உறையின் மேல் இருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது உலர்மீனுக்கு 5 சதவீத வரி இருந்தது; அந்த ஆண்டு நவம்பர் முதல், வணிகப் பெயரோடு உறையில் விற்கும் உலர்மீனுக்கு மட்டும் அந்த வரி என்றானது. 2022 ஜூலை 18 முதல் அந்த அளவுகோல் மாறியது. வணிகப் பெயர் பற்றிய கேள்வி நீங்கி, முன்கூட்டியே அடைத்து விவரச்சீட்டு ஒட்டிய பொருளா இல்லையா என்பதே கேள்வியாயிற்று. எது அப்படிப்பட்ட பொருள் என்பதை ஜிஎஸ்டி சட்டம் தானே வரையறுக்காமல், 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்திடமிருந்து கடன் வாங்கிக்கொள்கிறது. வாங்குபவர் எதிரில் இல்லாத நேரத்தில், முன்பே தீர்மானித்த அளவில் அடைத்து வைத்தது எதுவோ அதுவே முன்கூட்டி அடைத்த பொருள். உணவுப் பொருளில் 25 கிலோ வரையுள்ள உறைகள்தான் இதில் சிக்கும். ஆகவே அம்மா கட்டும் 30 கிலோ சாக்குக்கு வரி இல்லை. அதே சாக்கிலிருந்து அள்ளி நான் அடைக்கும் 250 கிராமுக்கு 5 சதவீதம் உண்டு.

வரியைவிடப் பெரிய வேறுபாடு பதிவில் இருந்தது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று பரவலாகச் சொல்வார்கள்; அது உண்மையும்கூட. ஆனால் அந்தச் சலுகை மாநிலத்துக்குள் விற்பவருக்கு மட்டுமே. வரிக்கு உட்பட்ட சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். வரிவிலக்குள்ள சரக்கை மட்டுமே விற்பவருக்கோ, அவர் எந்த மாநிலத்துக்கு எத்தனை லட்சத்துக்கு அனுப்பினாலும் பதிவு தேவையில்லை. எனவேதான் அம்மா லாரி லாரியாகக் கேரளத்துக்கு அனுப்புவதில் எந்தக் குற்றமும் இல்லை, நான் ஓசூரைத் தாண்டி ஒரே ஓர் அட்டைப்பெட்டியை அனுப்பப் பதிவெண் வேண்டியிருந்தது. சிறு வியாபாரிகள் விற்பனையில் 1 சதவீதம் மட்டும் வரியாகக் கட்டும் இணக்கத் திட்டம் (காம்போசிஷன்) ஒன்று உண்டு என்று இராமநாதபுரத்தில் பார்த்த ஆடிட்டர் சொன்னார். ஆனால் அந்தத் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கக்கூடாது. பெங்களூர்க் கடைகளே என் இலக்கு என்பதால் அந்த வழி அடைபட்டது.

இந்தக் கட்டுரையில் நான் தரும் தொகைகளும் வரம்புகளும் நான் பதிவு செய்த 2024-ஆம் ஆண்டுக்குரியவை. இவற்றுள் சில ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், படிப்பவர்கள் தங்கள் காலத்து எண்களைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தொழிலை யார் பெயரில், எந்த வடிவில் தொடங்குவது என்பதில் வீட்டில் இரண்டு வாரம் பேச்சு நடந்தது. தம்பிக்குக் கம்பெனி என்ற சொல்லின் மேல் ஒரு மோகம் இருந்தது. பிரைவேட் லிமிடெட் ஆக்கினால், விற்பனை ஒரு ரூபாயாக இருந்தாலும் ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை கட்டாயம் என்று தெரிந்ததும் மோகம் தணிந்தது. பங்காளிகளின் கடன் பொறுப்புக்கு வரம்பு உள்ள எல்எல்பி வேண்டுமென்றான், அதற்கும் மே 30-க்குள் ஒரு படிவம், அக்டோபர் 30-க்குள் ஒரு படிவம் என்று விற்பனை இல்லாத ஆண்டிலும் தாக்கல் செய்தாக வேண்டும். 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நிறுவனம் தொடங்கலாம். பதிவு கட்டாயமில்லை என்றாலும், பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தனக்குப் பணம் தராத கடைக்காரர் மேல் வழக்குப் போட முடியாது. அதோடு, கூட்டு நிறுவனத்தின் இலாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வருமான வரி. தனி ஆளுக்கோ படிநிலை விகிதம். எங்கள் அளவுக்கு இதுவே முடிவைத் தீர்மானித்துவிட்டது. நான் மட்டும் உரிமையாளராகத் தொடங்கினேன். கடன் பட்டால் வீடு வாசல் வரை நானே பொறுப்பு என்பது இதிலுள்ள ஆபத்து. அதைத் தெரிந்தே ஏற்றேன். தம்பி அனுப்பிய பணம் வங்கி வழியாகவே வந்தது. உடன்பிறந்தவர் அன்பளிப்பாகத் தரும் தொகைக்கு வருமான வரி கிடையாது. கடனாக இருந்தால் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக்கூடாது. இரண்டில் எது என்பதைப் பணம் வந்த அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது உறவுக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது.

தனி உரிமையாளர் தொழிலுக்கென்று தனிச் சட்டமோ தனிப் பதிவாளரோ இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. பான் எண்ணும் என் சொந்த எண்தான். பிற துறைகளில் வாங்கும் எண்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் அப்படியொரு தொழில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். வங்கியில் நடப்புக் கணக்குத் தொடங்கப் போனபோதும், தொழிலின் பெயரில் இரண்டு ஆவணங்களைக் கேட்டார்கள். முதலாவதாக, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவைச் செய்தேன். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை; ஆதார் எண்ணும் அதோடு இணைந்த கைபேசியும் பான் எண்ணும் இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தேடியவுடன் முதலில் வந்து நிற்கும் தளங்களோ அரசுச் சின்னம் போன்ற ஒன்றை ஒட்டிக்கொண்டு 2,000, 3,000 என்று கேட்கின்றன. உத்யம் படிவத்தில் தொழிலின் வகை எண்ணைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒரு சிறு மகிழ்ச்சி காத்திருந்தது. அரசின் தொழில் வகைப்பாட்டில் 10201 என்ற எண் மீனை வெயிலில் உலர்த்துவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அம்மாவின் முப்பது ஆண்டு வேலைக்கு ஓர் எண் இருந்திருக்கிறது. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

ஜிஎஸ்டி பதிவுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் அது என்னை அலைக்கழித்தது. அலைச்சலில் பாதிக்கு நானே காரணம். பிப்ரவரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தேன். அங்கிருந்தவர் வேகமாகத் தட்டிக்கொண்டே போனதில், மின்னஞ்சல் கேட்ட இடத்தில் தன் கடையின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டார். எங்கள் வீடு தாத்தா பெயரில் இருக்கிறது. மின் இணைப்பு மறைந்த அப்பாவின் பெயரில் இருக்கிறது. வீட்டு வரி ரசீதில் வேறோர் எழுத்துக்கூட்டலில் தாத்தா பெயர் இருக்கிறது. இதைப் பார்த்த அதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார். கேட்டதில் தவறேதும் இல்லை. விளக்கம் தர ஏழு வேலை நாள் அவகாசம். கேள்வி போய்ச் சேர்ந்தது பிரவுசிங் சென்டரின் அஞ்சல் பெட்டிக்கு. மார்ச்சில் நானாகப் போய்க் கேட்டபோது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது.

கடலோரக் கிராமங்களில் இந்த முகவரிச் சிக்கல் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பாட்டன் கட்டிய வீட்டில் பேரன் இருப்பான். பத்திரம் எதுவும் பெயர் மாறியிருக்காது. கதவிலக்கம் ஒரு சுற்றில் ஒன்றாகவும் மறு சுற்றில் வேறாகவும் இருக்கும். தொழில் தொடங்க நினைப்பவர் எந்தப் படிவத்தையும் தொடுமுன் செய்ய வேண்டிய வேலை, மின் இணைப்பையோ வீட்டு வரியையோ உயிரோடிருக்கும் ஒருவரின் பெயருக்கு மாற்றுவதுதான் என்பேன். நான் மின் இணைப்பை அம்மா பெயருக்கு மாற்றி, அம்மாவிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி, என் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து மறுபடி விண்ணப்பித்தேன். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் பதிவெண் வந்தது. பதினைந்து இலக்கம்: முதல் இரண்டும் தமிழ்நாட்டுக்குரிய 33, அடுத்த பத்தும் என் பான் எண். வந்த 30 நாளுக்குள் வங்கிக் கணக்கு விவரத்தைத் தளத்தில் சேர்க்க வேண்டும். சான்றிதழைத் தொழில் நடக்கும் இடத்தில் பார்வைக்கு மாட்ட வேண்டும். பெயர்ப் பலகையில் எண் இருக்க வேண்டும்.

இடையில் இன்னொரு பிழையும் செய்திருந்தேன். தள்ளுபடி முடியப்போகிறது என்று மார்ச் மாதத்திலேயே, பதிவெண் இல்லாமல், உறை அடைக்கும் எந்திரத்தை வாங்கிவிட்டேன். விலை 38,000, அதன் மேல் 18 சதவீத வரி 6,840. பதிவுக்குப் பின் வாங்கியிருந்தால் அந்த 6,840 ரூபாயை நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டிருக்கலாம். பதிவுக்கு முன்பே கையிருப்பில் உள்ள மூலப்பொருளுக்குச் சில நிபந்தனைகளோடு அந்தக் கழிவு கிடைக்கும், எந்திரத்துக்குக் கிடைக்காது. ஆடிட்டர் ரசீதைப் பார்த்துவிட்டு, "மூணு வாரம் பொறுத்திருக்கலாமேம்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எளிதாகவே முடிந்தது. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்ததால் உரிமம் தேவைப்படவில்லை, ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் அடிப்படைப் பதிவே போதுமாக இருந்தது. பதினான்கு இலக்க எண் கிடைத்தது. பார்க்க வந்த அலுவலர் ஒன்றைத்தான் வற்புறுத்தினார்: மணலில் காயப்போடக்கூடாது, தரையிலிருந்து உயர்த்திய பரணில் வலை விரித்துக் காயப்போட வேண்டும். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. மணல் சூடுதான் கருவாட்டுக்கு ருசி என்பது அவர் வாதம். ஆனால் மணல் நறநறக்கும் நெத்திலியைப் பெங்களூர்க்காரர் இரண்டாம் முறை வாங்கமாட்டார் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.

உறையின் மேல் என்ன எழுத வேண்டும் என்பதில்தான் என் பொழுது அதிகம் போனது. பொருளின் பெயர், அடைத்தவர் பெயரும் முகவரியும், நிகர எடை, அடைத்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு தொடர்பு எண், உணவுப் பாதுகாப்பு எண், அசைவக் குறியான பழுப்பு முக்கோணம். விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், விரும்பினால் தமிழிலும் போட்டுக்கொள்ளலாம் என்கிறது விதி. தமிழ்நாட்டில் காய்ந்த மீனைத் தமிழர் கடையில் தமிழர் வாங்கும்போதும் தமிழ் மட்டும் போதாது என்பதை என்னால் இன்றும் செரித்துக்கொள்ள முடியவில்லை, இருந்தும் அச்சிட்டுவிட்டேன். அதிகபட்ச விலைக்குள் வரி அடங்கும் என்பதை விலை குறிக்கும்போதே நினைவில் கொள்ள வேண்டும். உறையில் 210 ரூபாய் என்று அச்சிட்டால் அதில் 200 விலை, 10 வரி. கூடவே ஒரு கிராமின் விலையையும் போட வேண்டும். 250 கிராமுக்கு 210 என்றால் கிராமுக்கு 84 காசு. இப்படி உறையில் அடைத்து விற்பவர், தொடங்கிய 90 நாளுக்குள் எடையளவுச் சட்டத்தின்கீழ் அடைப்பவராகப் பதிந்துகொள்ள வேண்டும். கட்டணம் 500 ரூபாய். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் எடையில் இடறினேன். காய்ந்த நெத்திலியின் முள் ஊசி போன்றது; காற்றை உறிஞ்சும்போது உறையை உள்ளிருந்து குத்தும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளை வழியே ஈரம் வெளியேறி, பெங்களூரின் வறண்ட காற்றில் கருவாடு மேலும் காய்ந்து எடை குறையும். ஒரு கடைக்காரர் உறையைத் தராசில் வைத்து, 239 கிராம் காட்டும் படத்தை எனக்கு அனுப்பினார். 250 கிராம் உறையில் 9 கிராம் வரைதான் குறைவு பொறுத்துக்கொள்ளப்படும். 241-க்குக் கீழே போனால் அது குற்றம். அடைக்கும்போது நான் சரியாகத்தான் நிறுத்தேன் என்று சொல்லித் தப்பிக்க இயலாது. அந்தத் தொகுதி முழுவதையும் திரும்ப வாங்கிக்கொண்டு, தடித்த உறைக்கு மாறினேன். இப்போது 256 கிராம் வைக்கிறேன். அம்மா சாக்குக்கு எப்போதும் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டே கட்டுவார். அதைத் தாராளம் என்று எண்ணியிருந்தேன்.

பதிவெண் வந்த சில நாளில், ஏப்ரல் 15 அன்று, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகள் போகலாம் என்றாலும் அந்த மீன் பச்சையாகவே நல்ல விலைக்குப் போய்விடும், காயப்போட மிஞ்சாது. ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் நான் ஓர் உறைகூட விற்கவில்லை. விற்காதபோது எதைக் கணக்குக் காட்டுவது என்று பேசாமல் இருந்துவிட்டேன். விற்பனை இல்லாவிட்டாலும் இல்லை என்று தாக்கல் செய்தே ஆக வேண்டும். காலாண்டுத் தாக்கல் செய்யும் எனக்கு, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-க்குள் விற்பனை விவரமும் 22-க்குள் வரிக் கணக்கைக் காட்டும் 3பி படிவமும் போக வேண்டும். வெறுங்கணக்குக்கும் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம், படிவத்துக்கு 500 வரை. செப்டம்பரில் விழித்தபோது அந்த 500-ஐ எட்டியிருந்தேன். தொகை சிறியதுதான். ஆனால் இரண்டு காலாண்டு தொடர்ந்து விட்டிருந்தால் பதிவே ரத்தாகும் நிலை வந்திருக்கும். விற்பனை இல்லாத காலாண்டுக்குக் கைபேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பியே தாக்கலை முடித்துவிடலாம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இப்போது எங்கள் வீட்டு நாட்காட்டியில், தடைக்காலம் முடியும் ஜூன் 14-ஐ அம்மா வட்டமிட்டிருக்கிறார். ஜூலை 13-யும் 22-யும் நான் வட்டமிட்டிருக்கிறேன்.

வருமான வரி நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. சிறு தொழிலுக்கு அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் ஓர் எளிய வழி இருந்தது: வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதமும் ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் குறைந்தபட்ச இலாபம் என்று காட்டிவிட்டால் விரிவான கணக்கேடு கேட்கமாட்டார்கள் என்பதே அது. முதல் ஆண்டு விற்பனை 9,40,000. அதில் வங்கி வழியாக வந்தது 6 லட்சம். ஆக 36,000-மும் 27,200-மும் சேர்ந்து 63,200 காட்டினால் போதும். நோட்டில் எழுதிவைத்த உண்மையான இலாபம் அதைவிடக் கூடுதலாக இருந்ததால் அதையே காட்டினேன். அதுவும் வரி விழும் அளவை எட்டவில்லை. வரியே இல்லாதபோது எதற்குத் தாக்கல் என்று கேட்பவர்களுக்கு, வங்கியில் கடன் கேட்டுப் போகும் நாளில் விடை கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பதிவு எண் கிடைத்ததும் எங்கிருந்தோ ஒருவர் அழைத்து, கருவாட்டோடு கடல் அட்டையும் உலர்த்தித் தர முடியுமா, நல்ல விலை தருகிறேன் என்றார். 2001 முதல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட உயிரினம். கடல் குதிரையும் அப்படியே. சுறாவிலும் திருக்கையிலும்கூடச் சில இனங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. மன்னார் வளைகுடாக் கரையில் உலர்மீன் தொழில் செய்பவர் ஏலத்தில் கைநீட்டுமுன் அந்தப் பட்டியலைத் தெரிந்திருக்க வேண்டும். இதில் தாமதக் கட்டணம் கிடையாது, சிறைதான்.

அம்மாவின் சாக்கு வியாபாரத்தை என் தொழிலோடு சேர்க்கவில்லை. அது அவர் பெயரில், அவர் பான் எண்ணில், வரிவிலக்குள்ள சரக்காக முன்போலவே நடக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் கலந்தால், பொதுச் செலவின் வரிக்கழிவைப் பங்கு பிரித்துக் காட்டும் வேலை சேரும் என்று ஆடிட்டர் எச்சரித்தார். வீட்டில் இரண்டு நோட்டுகள். என் நோட்டில் அவரிடம் நான் வாங்கும் கருவாடும் விலையோடு ஏறுகிறது. மகள் என்பதற்காக அவர் ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை.

சென்ற மாதம் கோட்டயத்திலிருந்து அம்மாவின் பழைய வியாபாரி அழைத்தார். இனிமேல் சாக்கு வேண்டாம், அரைக் கிலோ பைகளாகப் பெயர் ஒட்டி அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார். அம்மா பரணில் நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, கைபேசியைத் தோளில் இடுக்கியபடி பதில் சொன்னார்:

"பைன்னா எங்கிட்டக் கேக்காதீங்கண்ணே. அது என் மக வியாபாரம், நம்பரு அவ பேருலதான் இருக்கு. அவகிட்டப் பேசுங்க."